கடிபட்டவரை வரச் சொல்லு

...அதான் சொல்றேன், பாம்பு கடிச்சா மட்டும் மனுசனுக்கு புத்தி கழண்டுடுது. நீ உட்காரு தம்பி. பாம்புக்கடின்னு சொன்னேல்ல, காதுல விழுந்துச்சு. நீ வந்த வேன்ல இருந்து கடிபட்டவரை இறக்கறாங்களா? இறக்கட்டும். நடக்க விடாம தூக்கிட்டு வரச் சொல்லு. அதுக்குள்ள சீட்டை எழுதிடுவோம். இருபத்தாறு வருஷமா இந்த ஆஸ்பத்திரி சீட்டு ஜன்னல்ல இருக்கேன், சீட்டு இல்லாம ஒரு ஆளை உள்ளே விட்டதில்லை.

நீயாவது கத்தாம வந்தே. போன மாசம் ஒரு கும்பல். பதினோரு பேர். கடிபட்டவன் ஒருத்தன், மத்த பத்துப் பேரும் வைத்தியன். தொடையில ஒருத்தன் கயிறு கட்டியிருக்கான். அது பத்தாதுன்னு இன்னொருத்தன் பெல்ட்டு. அதுக்கும் மேலே போன் சார்ஜர் வயரு. கால் கத்திரிக்கா நிறத்துல வந்து சேருது. இறுக்கினா விஷமா நிக்கும்? காலுதான் போகும். கடிபட்டவன் மச்சினன் கையில பிளேடு. பாம்பு போட்டது நாலஞ்சு பொடிப் புள்ளி, மச்சினன் போட்டதுக்கு ஆறு தையல். கீறினதோட விட்டானா? வாயை வச்சு உறிஞ்சியிருக்கான். அவனுக்கு ஏற்கனவே வாய்ப்புண்ணு. அவனுக்கும் ஒரு சீட்டு எழுதினேன்.

இந்தா பேனா. கடிபட்டவர் பேரை மேல் கட்டத்துல எழுது. ...ஏன் கை இப்படிக் கோணுது? படிச்ச ஆள் மாதிரிதானே இருக்கே.

எங்க விட்டேன்... ஆங், பாம்பு. அதை அடிச்சு பெயிண்ட் டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்துட்டானுங்க. டாக்டருக்கு அடையாளம் காட்டணுமாம். டாக்டர் ஆளைப் பார்ப்பாரா, டப்பாவைப் பார்ப்பாரா? அது வேற பாதிதான் செத்திருக்கு. மூடியைத் திறந்தாங்க. ஸ்டூல் மேல டாக்டர், மேஜை மேல நர்ஸ். பாம்பு நேரா எக்ஸ்ரே ரூமுக்குள்ள போயிடுச்சு. மத்தியானம் வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் எலும்பு முறியலை. கடைசியில பார்த்தா சாரைப் பாம்பு. விஷமே கிடையாது. அந்தாளை ஒரு வாரம் படுக்க வச்சது கயிறும் பிளேடும்தான்.

எதுக்கு ஒத்தைச் செருப்பைக் கையில வச்சிருக்கே? வார் அறுந்துபோச்சா? கீழே வை.

இதுல பெரிய வித்தை என்ன இருக்கு? மோதிரம், கொலுசு இருந்தா கழட்டு. காலை அசைக்காம வை. நேரா இங்க வா. முடிஞ்சுது. எவன் கேட்கறான்? கட்டறது, கீறறது, பாம்பைத் துரத்திட்டு ஓடறது. இருக்கற நேரத்தைப் பூரா அதுல தொலைச்சுட்டு, இங்க வந்து ‘ஐயா சீக்கிரம், ஐயா சீக்கிரம்’னு என் உயிரை வாங்கறது.

கொடு, பார்ப்போம். ...இது யார் பேரு? உன் கழுத்துல தொங்கற அடையாள அட்டையில இருக்கற பேருல்ல? தம்பி, கூட வந்தவர் பேரு கீழே. மேலே கடிபட்டவர் பேரு. உன் பேரைக் கொண்டுபோய் மேலே எழுதி வச்சிருக்கே. ...என்ன? வாய்க்குள்ளயே முனகாதே. ...ஒரு எழவும் புரியலை.

கடிபட்டவனை எனக்குத் தெரியாதா? வாசல்ல வரும்போதே சொல்லிடுவேன். நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க, ரெண்டு பேர் அழுதுட்டு வருவாங்க, கால்ல கயிறு இருக்கும், ரத்தம் இருக்கும். நீ சட்டை கசங்காம வந்து நிக்கறே. இந்தா, வேற சீட்டு. முதல்ல இருந்து எழுது.

கண்ணைத் திறந்து வச்சுக்க. ராத்திரி தூங்கலையா? இமை பாதியிலேயே நிக்குது. நான் பேசினா என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான், சொக்கிடும். ...தண்ணியா? இந்தா, பாட்டில்ல இருக்கு. ...மெல்ல, மெல்ல. சின்னப் பிள்ளையாட்டம் கடைவாயில ஒழுக விடறே. சீட்டு நனையுது பாரு.

எங்கய்யா உங்க ஆளு? வாட்ச்மேன், அந்த வேன்ல இன்னும் என்ன பண்றாங்க? ...போயிடுச்சா? எப்ப? ...அப்பவேவா? வேற யாரும் இறங்கலையா? இவரை மட்டும் விட்டுட்டா?

தம்பி. ...தம்பி, தலையைத் தூக்கு. காலைக் காட்டு. அந்தக் கால் இல்லை, செருப்பு இல்லாத கால்.

சிஸ்டர், ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க. சீட்டு கிடக்கட்டும், ஆளைத் தூக்குங்க.

...இல்லை டாக்டர், கட்டு எதுவும் போடலை. கீறலும் இல்லை. கணுக்கால்ல ரெண்டு புள்ளி, அவ்வளவுதான். பாம்பையும் தூக்கிட்டு வரலை. எல்லாம் முறையாத்தான் பண்ணியிருக்கார். நேரா இங்கதான் வந்திருக்கார். ...எப்பவா? பத்து அஞ்சுக்கு. ...ஆமா டாக்டர், இப்ப பத்தரை. ...யாரும் தடுத்து நிறுத்தலை. நான் பேசிட்டிருந்தேன்.

...சொல்லுங்க. இந்த மூச்சுப் பையையா? சிஸ்டர் மருந்து ஏத்தி முடிக்கற வரைக்கும் நான் அமுக்கறேன். ...இப்படியா? அமுக்கி, விட்டு... சரி, அவசரப்படலை. நெஞ்சு ஏறுது டாக்டர். ஏறி இறங்குது.

...கண்ணே திறக்கலையே, நினைவு இருக்கா? ...இமையைத் தூக்கத்தான் தெம்பு இல்லையா? அப்ப காது? ...

எல்லாம் கேட்குதா அவருக்கு? இவ்வளவு நேரமுமா?

தம்பி...

இல்லை சிஸ்டர். ஒண்ணுமில்லை. அமுக்கறேன்.