வெற்றிலைக்குச் சான்று இல்லை

அன்புள்ள வித்யா,

இணையக் கலைக்களஞ்சியத்தின் பேச்சுப் பக்கத்தில் எதை எழுதினாலும் கடைசியில் கையொப்பம் போட வேண்டும் என்பதுதான் நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். நான் வெகுநாள் போடாமலே எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. ‘ஐயா, கையொப்பம்’ என்று மட்டும் நினைவூட்டுவீர்கள். உங்களுக்கு என் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். என் வீட்டில் யாருக்கும் என்னிடம் அவ்வளவு பொறுமை கிடையாது.

நேற்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஏரியின் பாடு முறை பற்றிய கட்டுரையில், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோன கோதண்டம் என்பவரைப் பற்றி ஒரு வரி இருந்தது. ‘அதைச் சேர்த்தவரும் நீங்கள், நீக்கியவரும் நீங்கள், ஏன் ஐயா?’ என்று. பதில் கொஞ்சம் நீளம். எனக்கோ இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் கேட்டவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

தோள்பட்டை விட்டுப்போன பிறகு நான் வலை இழுப்பதில்லை. மகன் ரஞ்சித்குமார் பழைய போனைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட்டான். அப்படித்தான் உங்கள் கலைக்களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தேன். முதலில் கைவைத்தது மடவை மீன் கட்டுரையில். மழை முடிந்து பிடிக்கும் மடவையில் கொழுப்பேறியிருக்கும், ருசியே தனி என்று எழுதினேன். ‘சான்று தேவை’ என்று பக்கத்தில் ஒரு குறி போட்டீர்கள். ‘நானே தின்றிருக்கிறேன் அம்மா’ என்று பதில் எழுதினேன். ‘சொந்த அனுபவம் சான்றாகாது ஐயா, நூலிலோ செய்தியிலோ வந்திருக்க வேண்டும்’ என்றீர்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. வாழ்ந்தவனுக்குத் தெரியாதது அச்சடித்தவனுக்குத் தெரியுமா என்று முனகிக்கொண்டேன். போகப்போக அதிலிருந்த நியாயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் ஆட்களே சொல்லிவைத்திருக்கிறார்களே.

பிறகுதான் பாடு முறைக் கட்டுரையைப் பார்த்தேன். உங்களுக்கு வெளியூர், அதனால் சொல்கிறேன். ஏரி முழுக்க இறால் விழாது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் விழும். அந்த இடத்துக்குப் பெயர் பாடு. அங்கே எந்த ஊர் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு. எங்கள் ஊரான நடுத்திட்டு ஒரு நாள், வடதிட்டு ஒரு நாள், புதுத்திட்டு ஒரு நாள்.

புதுத்திட்டு பின்னால் வந்த ஊர். ஒரு புயலில் அவர்கள் குடியிருந்த கரையே போய்விட்டது. அப்போது என் நைனா சின்னதம்பி, அம்மன் கோயில் வாசலில் அவர்களுடைய பெரியவரோடு வெற்றிலை மாற்றி, மூன்றாவது ஊராக அவர்களுக்கும் முறை கொடுத்தார். எங்கள் பக்கம் வெற்றிலை மாற்றிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் காகிதம் கேட்டால் மரியாதைக் குறைவு. நான் அங்கே இருந்தேன். புதுத்திட்டு இளவட்டங்களோடு கோதண்டமும் இருந்தான். அடுத்த தையில் என் தங்கை சுதாவை அவனுக்குத்தான் கொடுத்தோம்.

ஆமாம், நீங்கள் கேட்ட கோதண்டம் என் மச்சான்.

கட்டுரையில் யாரோ மூன்று ஊர்களையும் எழுதியிருந்தார்கள். புதுத்திட்டுக்கு எதிரே நான் ‘சான்று தேவை’ குறியைப் போட்டேன். விதிப்படி காத்திருந்தேன். யாரும் சான்று தரவில்லை. எப்படித் தருவார்கள், வெற்றிலையை அன்றே மென்றாயிற்று. அந்த வரியை நீக்கினேன். எங்கள் நடுத்திட்டுக்கு மட்டும் என்ன சான்று இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கவனிக்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஏரி தூர்ந்துகொண்டே வருகிறது. இறாலும் முன்னைப்போல் இல்லை. ‘அவனுங்களுக்கு எதுக்கு நைனா முறை? ரெண்டு ஊருன்னா நமக்கு ஒருநாள் உட்டு ஒருநாள் வரும்’ என்று ரஞ்சித்குமார் சோறு தின்னும்போதெல்லாம் சொல்வான். அதை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு செய்தித் தளத்திலிருந்து ஒருவர் ஏரியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார். எத்தனை ஊருக்கு முறை என்று கேட்டார். ‘அதான் நெட்லயே இருக்கே சார்’ என்றேன். அவர் பார்த்து, இரண்டு ஊர் என்று எழுதினார். செய்தி வந்ததும் அதையே கட்டுரையில் சான்றாக இணைத்தேன். நீங்கள்கூட எனக்கு ஒரு நன்றி அனுப்பினீர்கள். அன்று முழுவதும் மனசு நிறைந்திருந்தது.

ஐப்பசியில் புதுத்திட்டின் முறையை வைத்து இரண்டு ஊர் இளவட்டங்களுக்குள் கைகலப்பாகி, சமாதானக் கூட்டம் போட்டார்கள். வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். இரு தரப்பும் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

“இதுல ரெண்டு ஊருன்னுதானே இருக்கு? பேப்பர்காரங்களும் அப்படித்தான் போட்டிருக்காங்க. மூணாவது ஊர் எங்கேர்ந்து வந்துச்சு?”

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், சின்னதம்பியின் மகன் பேசட்டும் என்று. கோதண்டம் எழுந்து நின்றான்.

“மச்சான், நீயே சொல்லு. உங்க நைனாதானே வெத்தல மாத்துச்சு? நீயும் நானும் பக்கத்துலதானே நின்னுனு இருந்தோம்?”

சொந்த அனுபவம் சான்றாகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மௌனம் எதற்குச் சம்மதம் என்று அதிகாரி தன் போக்கில் எடுத்துக்கொண்டார். முடிவாகும்வரை இரண்டு ஊர் மட்டும் வலை கட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“இன்னா மச்சான், வாயில கொழுக்கட்டையா?” என்று மட்டும் கேட்டான் கோதண்டம். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முறைமேல் கேள்வி எழுந்தால், அது கோயிலில் தீரும்வரை அவர் அந்தப் பாடு இருக்கும் இடத்தில் வலைக்கோல் ஊன்றக் கூடாது. அம்மன்மேல் ஆணை. புதுத்திட்டுப் பையன்கள் மீறிப் போகலாம் என்றார்கள். கோதண்டம்தான் தடுத்து நிறுத்தினான். வேறு யாராவது என்றால் போயிருப்பான். இவன் போக மாட்டான் என்பது எனக்கு முன்பே தெரியும். அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் வாடைக்காற்றில் கடலுக்குப் போனான். முகத்துவாரத்தைத் தாண்டும்போது அலை படகைப் புரட்டிப்போட்டது. இரண்டாம் நாள் கரையில் கிடைத்தான். தூக்கியவர்களில் நானும் ஒருவன். தோள் வலித்தது. அழுதேன், அதை மறைக்கவில்லை.

இப்போது எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வருகிறது. ரஞ்சித்குமார் புது இன்ஜின் வாங்கியிருக்கிறான். இதற்காகத்தான் செய்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி இல்லை. நான் விதிக்காகச் செய்தேன்.

காரியம் முடிந்து சுதா என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு என்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. போனில் எழுதுகிற அண்ணன் என்று அவளுக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை.

“ண்ணா, ஏரியப் பத்தி எழுதற எடத்துல அவரு பேரையும் போடுண்ணா. முறை போய்தான் செத்தாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். நீ எழுதுனா அழியாதுல்ல?”

அவள் எதிரிலேயே எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முந்தானையால் என் போனின் திரையைத் துடைத்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ குறியைப் போட்டேன். காத்திருந்தேன். ஒரு மீனவன் முகத்துவாரத்தில் செத்தால் எந்தச் செய்தியில் காரணத்தோடு போடுகிறார்கள்? யாரும் சான்று தரவில்லை. நீக்கினேன். சொந்தக்காரன் என்று சலுகை காட்டக் கூடாது என்பதும் நீங்கள் சொல்லித்தந்ததுதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான் அம்மா. ஒன்று மட்டும் பாக்கி. இங்கே நான் எழுதியிருப்பதும் சொந்த அனுபவம். அந்த வெற்றிலையைப் பார்த்தவர்களில் மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர், இப்போது நான் ஒருவன். ஆகவே விதிப்படி இதையும் நீக்கிவிடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கையொப்பம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

தேவதாஸ், நடுத்திட்டு