இடதுகைக் கத்திக்கு ரெண்டாவது ஆள்

வேணாம் தம்பி, நீங்களே உக்காருங்க. முப்பத்தாறு வருஷமா நின்னுக்கிட்டே மீன் சீவின காலு இது, இன்னும் ஒரு மணி நேரம் நின்னா ஒண்ணும் தேய்ஞ்சிடாது. டீயா? இந்தா, பாட்டில் கையில இருக்குல்ல. குடிப்பேன், அவசரம் என்ன. இன்னொரு கையைக் கோட்டுப் பையில விட்டுக்கிட்டே பேசுறேன்னு மரியாதை இல்லாதவளா நினைச்சிடாதீங்க. கத்திச் சந்தைக் கதவு பத்து மணிக்குத்தான் திறப்பாங்க. நீங்க டோக்கியோவுல இருந்து பஸ் ஏறி வந்து முதல் ஆளா நிக்கிறீங்க. நான் இதே சக்காய்ல பொறந்து வளந்தவ, முதல் ட்ராம் பிடிச்சு வந்தும் ரெண்டாவதுதான். வெக்கமாத்தான் இருக்கு.

எந்தக் கத்திக்கு வந்தீங்க? கொல்லர் ஹொரிமோதோவோட இடதுகைக் கத்தியா. பச்சை மீன் சீவுற அந்த நீளக் கத்தி. ம்ம். அப்ப சொல்லிடறேன், மறைக்க என்ன இருக்கு. நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. இனிமே நாம சம்பந்திங்க மாதிரி, வாய் நிறையப் பேசிக்கிட்டு மனசுக்குள்ள தீட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு இடதுகைப் பழக்கமா? இல்லையா? அப்புறம் எதுக்குங்க அது? ஓ, வீட்டுல நாப்பத்தோரு கத்தி இருக்கு, இது மட்டும் இல்ல. சரி சரி. எண்ணெய் தடவிக் கண்ணாடி அலமாரியில வெச்சிருவீங்க. ஒண்ணுகூடவா வெட்ட மாட்டீங்க? எப்பவாவது ஆப்பிளா. அந்த ஆப்பிள் என்ன புண்ணியம் பண்ணுச்சோ.

நானா? எனக்கும் இடதுகைப் பழக்கம் இல்ல. அட, நம்புங்க. சோத்துக் குச்சி பிடிச்சது, பேனா பிடிச்சது, என் பையன் யோஷிகி முதுகுல ரெண்டு வெச்சது எல்லாம் வலது கையாலதான். பின்ன எதுக்குன்னா, இருங்க, வரேன். முதல்ல இந்தக் கத்தி ஏன் ஒண்ணே ஒண்ணா நிக்குதுன்னு சொல்றேன்.

குராமோச்சியைத் தெரியுமா உங்களுக்கு? அவரேதான், கத்திப் பைத்தியங்களுக்கெல்லாம் தலைவரு. மாசா மாசம் ஒரு ஹாலைப் பிடிச்சுக் கூடுவாங்க. ஆளுக்கு நாலு கத்தியைத் துணியில சுத்திக் கொண்டு வருவாங்க. தக்காளி, முள்ளங்கி, செய்தித்தாள்னு வெட்டிப் பாத்து மார்க் போடுவாங்க. போன வருஷம் ஒரு தடவை மீன் கொண்டு போய்க் குடுக்க நானும் போயிருந்தேன். அன்னைக்கு ஹொரிமோதோ அடிச்ச இடதுகைக் கத்தி ஒண்ணு மேசைக்கு வந்துச்சு. குராமோச்சி எடுத்தாரு. எந்தக் கையால? வலது கையால. எடுத்து முள்ளங்கியில வெச்சு இழுத்தாரு, கத்தி கோணிக்கிட்டுப் போச்சு. போகாம என்ன செய்யும்? ஒரு பக்கம் சரிவா தீட்டி, மறுபக்கம் தட்டையா விட்ட கத்தி. எந்தக் கைக்குச் செஞ்சாங்களோ அந்தக் கையிலதான் நேரா போகும். மாத்திப் பிடிச்சா குடிச்சவன் சைக்கிள் மாதிரி ஒரே பக்கமா இழுக்கும். மனுஷன் என்ன எழுதினாரு தெரியுமா? ஹொரிமோதோவுக்குக் கை தளந்து போச்சு, கத்தி நேரா வெட்ட மாட்டேங்குதுன்னு, படமெல்லாம் போட்டு எழுதினாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

நீங்களும் படிச்சீங்களா? நம்பவும் செஞ்சீங்களா? சரி, ஒத்துக்கிட்டீங்களே, அந்த மட்டும் நல்லது. குராமோச்சி இன்னும் ஒத்துக்கல.

ஹொரிமோதோவுக்குக் கோவம்னா கோவம் அப்படி ஒரு கோவம். இனிமே இடதுகைக் கத்தியே அடிக்க மாட்டேன்னுட்டாரு. இந்த வருஷம் நான் பட்டறைக்கே மூணு தடவை போனேன். சண்டை போட்டேன். அவன் பண்ணின தப்புக்கு என்னை ஏன்யா தண்டிக்கிறேன்னு கேட்டேன். ரெண்டு தடவை முதுகைக் காட்டிக்கிட்டு இரும்பை அடிச்சுக்கிட்டே இருந்தாரு. மூணாவது தடவை, பாதியில விட்ட ஒண்ணு கிடக்கு, முடிச்சுச் சந்தைக்குக் கொண்டு வரேன், யாருக்கும் எடுத்து வைக்கிற வழக்கம் இல்ல, வந்து வரிசையில நில்லுன்னாரு. வந்து நிக்கிறேன். எடுத்து வெச்சிருந்தா நானே வேணாம்னிருப்பேன்.

அது கடைசிக் கத்தின்னு சேதி பரவுனதும் உங்களை மாதிரி ஆளுங்க பஸ் ஏறிட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லல, இருக்கிறதைச் சொல்றேன்.

பின்னாடி அந்த ரெண்டு பேரு பேசுறதைக் கேட்டீங்களா? நீலத்தாள் எஃகு ஒசத்தியா, வெள்ளைத்தாள் எஃகு ஒசத்தியான்னு ஒரு மணி நேரமா வழக்காடுறாங்க. எஃகு மேல ஒட்டி வர்ற தாளோட நிறம் அது, வேற ஒண்ணும் இல்ல. நான் விவரம் தெரியாதவ இல்ல தம்பி. நீலம் ரொம்ப நாள் கூர் நிக்கும், தீட்டுறதுக்குள்ள தோள் கழண்டு போகும். எனக்கு வெள்ளை போதும், சாணைக்கல்லுல சீக்கிரம் பதம் ஏறிக்கும். கடை மூடினதும் பத்து நிமிஷம் தீட்டினா மறுநாளுக்கு ஆச்சு. தீட்டித் தீட்டி ரெண்டு விரல் அகலக் கத்தி ஒரு விரலா ஆகணும். என்கிட்ட அப்படி ஆனதே நாலு இருக்கு.

ஆமா, சாப்பாட்டுக் கடைதான். ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்துல, எட்டு பேரு உக்காரலாம். ஷிகேனோன்னு என் பேரைத்தான் வெச்சிருக்கேன். வீட்டுக்காரரு போனப்பகூட ஒரு வாரந்தான் மூடினேன். இப்ப பிப்ரவரியில இருந்து எட்டு மாசமா மூடிக் கிடக்கு. அதுக்குள்ள யோஷிகி நகோயாவுல உக்காந்துக்கிட்டே முடி வெட்டுற கடை ஒண்ணுக்கு இடத்தைப் பேசிட்டான். அம்மா, போதும், உக்காருங்கன்னான். நாயை உக்காரச் சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு. என் கடையில கண்ணாடி மாட்டி எவன் தலைமுடியோ விழறதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாம்.

உன் முன்னாடி ஒரு தட்டு சங்கரா மீன் சீவி வெக்கிறேன்டா, ஒரு துண்டு கோணலா இருந்தா சாவியை வாங்கிக்கோன்னேன். சரின்னுட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை வரான். வாய் விட்டவ நான்தான். சும்மா விடல, முடியும்னு தெரிஞ்சுதான் விட்டேன்.

வீட்டுல கத்தி இல்லையான்னா? பதினொண்ணு இருக்கு. அத்தனையும் வலதுகைக் கத்தி. அதுல ஒண்ணை இடது கையில பிடிச்சு இந்த எட்டு மாசமா பழகிட்டு வரேன். முதல்ல கிழங்கு மாவுக் கட்டி. அது வழுக்கும், அதை வெட்டிட்டா எதையும் வெட்டலாம். அப்புறம் முள்ளங்கி. அப்புறம் கணவா. முதல் மாசம் அழுதேன், பொய் சொல்லல. இப்ப கை பழகிருச்சு. கத்திதான் கோணிக்கிட்டுப் போகுது. ஒரு ஓரம் தடிமனா, ஒரு ஓரம் காகிதமா வருது. குராமோச்சி பண்ணின அதே கூத்து, தலைகீழா. அந்தத் துண்டைத் தட்டுல வெச்சேன்னா யோஷிகி ஜெயிச்சிருவான். அதனாலதான் இந்தக் கத்தி. இதை விட்டா வேற ஆளுகிட்ட சொல்லிச் செய்ய ஒன்றரை வருஷம் ஆகும்.

கதவு திறக்குறாங்க, எந்திரிங்க. நாற்காலியை மடிச்சுக்கோங்க. ஆமா, ஹொரிமோதோ போட்ட சட்டம் தெரியும்ல? குராமோச்சி விஷயத்துக்கு அப்புறம், வாங்குறவங்க அவரு கண்ணு முன்னாடி முள்ளங்கி வெட்டிக் காட்டணும். இடதுகைக் கத்தின்னா இடது கையாலதான். துண்டு நேரா வந்தாத்தான் பெட்டியில வெச்சுக் குடுப்பாரு. தெரியாதா? இப்ப தெரிஞ்சுக்கிட்டீங்க. சொல்லாம விட்டிருக்கலாம், நீங்க அங்க போய் முழிச்சிருப்பீங்க. அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேணாம்.

என்ன, என்னை முன்னாடி போகச் சொல்றீங்க? எதைப் பாத்து? ஓ, இந்தக் கையையா. பையை விட்டு வெளிய வந்து தொங்குதா. பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை, பாதி மீன் சீவிக்கிட்டு இருக்கறப்ப கத்தியைக் கீழ விட்டுச்சு. தலையில எங்கயோ அடைப்பாம். அன்னையில இருந்து வேலை வெட்டி இல்லாம கூடவே வருது, வேண்டாத விருந்தாளி மாதிரி. வலியெல்லாம் இல்ல. அந்தப் பார்வையை மட்டும் மாத்துங்க. அது வேணும்னா நான் வீட்டுலயே இருந்திருப்பேன், யோஷிகி ஊருக்கு வந்தா வேளைக்கு மூணு தடவை அப்படிப் பாப்பான்.

நீங்கதான் முதல், போய் வெட்டுங்க. நேரா வந்துச்சுன்னா கத்தி உங்களுது, நானே மேசையைத் தட்டிப் பாராட்டுவேன், கைதட்ட ஒண்ணு குறையுது. கோணுச்சுன்னா ஒதுங்கிக்கோங்க. விட்டுக் குடுக்கறேன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க, அப்புறம் எனக்குக் கெட்ட கோவம் வரும்.

உதவி பண்ணியே ஆகணும்னா ஒண்ணு பண்ணுங்க. இந்த டீ பாட்டில் மூடியைத் திறந்து குடுத்துட்டுப் போங்க. அதுக்குத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கல.