பிஷப் கேட்டு வந்த தாள்

இரவு பதினொரு மணி. மெண்டிப் மலைச்சாலை. மூடுபனி... முன்னால் நீட்டிய கை தெரியாது.

இது நம் கொல்லன் ஜேபஸின் பெரியம்மா தெர்ஸாவுக்கு நடந்தது. அதோ, அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறாள். ஈயச் சுரங்கத்து ஆட்களுக்கு இறைச்சி ரொட்டி சுட்டு விற்பவள். ரொட்டிக்கு அடியில் போட அச்சகத்துக் கழிவுத்தாள் வாங்குவாள். அந்த முறை வந்தது, செத்துப்போன பிஷப்பின் விற்காத புத்தகம்.

பிள்ளைக்கு விவரம் தெரிந்த பிறகுதான் ஞானஸ்நானம் என்பவர்கள் நாம். பிஷப்போ ஆயுள் முழுக்க நம்மோடு மல்லுக்கட்டி எழுதியவர். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குச் சாவுமணி கிடையாது, கோயில் மண்ணும் கிடையாது என்றார். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டித்தான், தெர்ஸாவின் கைக்குழந்தையை கோயில் மதிலுக்கு வெளியே, தொட்டால் அரிக்கும் செந்தட்டிப் புதரில் புதைக்க வைத்தார் பாதிரியார்.

கழிவுத்தாளில் அதே பக்கம் கிடந்தது. தெர்ஸா அதை மட்டும் மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள்...

பின்னால் பட்டு அங்கி உரசும் சத்தம். சர்... சர்... அணைத்த மெழுகுதிரியின் நாற்றம்.

"அந்தத் தாளைக் குடு" என்றது குரல். "அது வெளியில இருக்கறவரைக்கும் என்னால படுக்க முடியல."

தெர்ஸா கூடையை இடுக்கிக்கொண்டாள். அப்படியே திரும்பி நின்றாள்.

"ஓ, பிஷப்பய்யாவா! எம்பொண்ணு மட்டும் செந்தட்டிக்குள்ள சுகமாவா படுத்திருக்கா? அவள உள்ள கொண்டுபோய்ப் படுக்க வையும். மணியடியும். அப்புறம் வாரும்."

காலையில் போய்ப் பார்த்தால் செந்தட்டிப் புதரில் குழி. மதிலுக்கு உள்ளே, மரத்தடியில், சின்னதாக ஒரு புதுமேடு.

மறுநாள் இரவு மலைச்சாலையில் அதே இடத்தில் நின்றார் பிஷப். நீட்டிய கையில் நகக்கண்ணெல்லாம் மண்.

"மணி அடிக்கலியே, பிஷப்பய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இன்றுவரை கொடுக்கவில்லை. "பாதி வேலைக்கு எவன் கூலி குடுப்பான்?" என்கிறாள். தாள் அதே கூடையில்தான் இருக்கிறது...

பேச்சை நிறுத்துங்கள். கேட்கிறதா?

மூன்று... மறுபடி மூன்று... பிள்ளைச் சாவுக்கு அடிப்பதுபோல.

ஜேபஸ், ஏனப்பா முகம் வெளுக்கிறது? பழுது பார்க்கக் கழற்றிய கோயில்மணியின் நாக்கு உன் பட்டறையில்தானே கிடக்கிறது?

தெர்ஸா எழுந்துவிட்டாள். கூடையைத் திறக்கிறாள்.

வாசலில்... சர்... சர்...