மழையைக் கேட்க ஒரு மணி நேரம்

அவைக்குத் தலைமை ஏற்று அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் ஐயா ஆராவமுதன் அவர்களே! அல்சூர் ஏரியின் ஈரக்காற்றை முந்தானையில் முடிந்துகொண்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! மூத்தோர்களே! மக்கள் தொடர்புத் துறைக்குள் நேற்று நுழைந்து, இன்றைக்கே மூச்சு வாங்கி நிற்கும் இளையோரே! ஜீவனஹள்ளி ரக்ஷிதாவின் கனிந்த வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

நேரத்தைப் பற்றிப் பேசு என்றார்கள். நேரத்துக்குள் பேசு என்றும் சொன்னார்கள். தலைவர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார்! பார்க்கவில்லையா? பொறுத்தருளுங்கள் ஐயா, பயத்தில் அப்படித் தெரிந்துவிட்டது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். கைப்பேசி சிணுங்கினால் அடுத்த நொடியே பதில். மின்னஞ்சல் வந்தால் அடுத்த நிமிடமே மறுமொழி. அலுவலகமே என்னை மெச்சியது. ஆனால் மாலையில் மெட்ரோ ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன்: இன்று நானாக நினைத்தது என்ன? நானாகக் கண்டது என்ன? ஒன்றுமில்லை! ஒரு வரிகூட இல்லை!

அப்போது எங்களிடம் ஒரு வேலை வந்தது. காக்ஸ் டவுனில் டாக்டர் அனந்தலக்ஷ்மி நடத்திய சின்னஞ்சிறு செவித்திறன் மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமை இலவசப் பரிசோதனை முகாம். "அதிநவீனக் கருவிகளுடன் மாபெரும் முகாம்" என்று எழுதி அறுபது செய்தியாளர்களுக்கு அனுப்பினேன். ஒருவர், ஒரே ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் மேலாளர் மங்களம் மேடம் கூப்பிட்டார். "ரக்ஷிதா, கேம்ப்புக்கு ஆள் வரலன்னா டாக்டர் நம்மள விட்டுடுவாங்க. உன் ப்ரொபேஷனும் இந்த மாசம் முடியுது. யோசிச்சுக்கோ."

யோசிக்க எங்கே நேரம்? அன்று மாலை ஆட்டோவில் போகும்போது கைப்பேசியின் உயிர் போயிற்று. சாரல் விழுந்தது. ஏரிக்கரையில் வண்டிகள் அசையாமல் நின்றன. பார்க்க எதுவும் இல்லாததால் மழையைப் பார்த்தேன். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து, ஊரே மிதப்பது போல இருந்தது. "அண்ணா, அடுத்த லெஃப்ட்" என்று மூன்று முறை சொன்னேன். ஓட்டுநர் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டதும் பதறினார். ஜோகுபாளையத்துக்காரர், பெயர் அசோகன்.

"பேஜார் ஆவாதம்மா. காது கொஞ்சம் மந்தம். ஹாரன்லாம் கேக்குது. மெல்லிசா வர சத்தந்தான் கேக்கல."

"எந்தச் சத்தம் இல்லாதது கஷ்டமா இருக்குண்ணா?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "மழை. ரெக்ஸின் மேல வுழும் பாரு, அது. இப்போ தண்ணி தெரியுது, சத்தம் தெரியல."

கைப்பேசி அணைந்திருந்ததால்தானே இது என் காதில் விழுந்தது! மறுநாள் முதல் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை கைப்பேசியை அணைத்து இழுப்பறையில் போட்டேன். "மழையைக் கேட்க வாருங்கள்" என்று எழுதத் தொடங்கினேன். அசோகன் அண்ணனிடம் அனுமதி வாங்கி, அவர் சொன்னதை அப்படியே வைத்தேன். ஒரு நாளிதழ் அதை விரும்பி எடுத்துக்கொண்டது.

கைதட்டாதீர்கள், சற்றுப் பொறுங்கள்! சறுக்கியது இனிமேல்தான்.

சனிக்கிழமை காலை. என்னுடன் வேலை பார்த்த ஷ்ரேயாஸ் அழைத்தான். "ரக்ஷி, பேப்பர் பாத்தியா? கேம்ப் இன்னைக்குன்னு போட்டிருக்காங்க!" தேதியைச் சரிபார்க்க வியாழன் காலை அந்த நாளிதழின் செய்தியாளர் அழைத்திருக்கிறார். ஒன்பதே காலுக்கு! என் கைப்பேசி இழுப்பறைக்குள் உறங்கிய நேரத்துக்கு!

இருவரும் ஓடினோம். பூட்டிய ஷட்டரின் முன் பதினேழு பேர். அவர்களில் அசோகன் அண்ணனும் அவர் மனைவி அன்னம்மாளும். "பேப்பர்ல என் மழைய போட்டுக்கீறியே கண்ணு!" என்று அவர் சிரித்தபோது எனக்கு அழுகை வந்தது. டாக்டருக்கு அழைத்து, "தேதி தப்பாயிடுச்சு மேடம், தப்பு என்னுது" என்றேன். டாக்டர் உடனே கேட்டார்: "ஆளுங்க நிக்கறாங்களா? சாவி எடுத்துண்டு வரேன்."

வந்தார், திறந்தார். அசோகன் அண்ணனின் காதில் கருவியைப் பொருத்தினார். அன்று மழை இல்லை. ஆனால் அவர் சட்டென்று திரும்பி மனைவியின் கையைப் பிடித்தார். "இந்த வளையலு எப்பலர்ந்து சத்தம் போடுது?"

அன்னம்மாள் சொன்னார்: "கல்யாணத்துலர்ந்து."

அந்த அறையில் யாருடைய கண்தான் காய்ந்திருந்தது? மறுநாள் ஞாயிறு, தெருமுனை வரை வரிசை நின்றது. என் வேலையும் நிலைத்தது. ஆனால் என்னைச் செதுக்கியது ஷ்ரேயாஸ் சொன்ன ஒரு சொல். "நான் பக்கத்து சீட்லதானே இருந்தேன்? போனை என்கிட்ட குடுத்திருந்தா நான் எடுத்திருப்பேன்ல?"

அன்று முதல் ஒன்பதிலிருந்து பத்து வரை என் கைப்பேசி அவனிடம். பத்திலிருந்து பதினொன்று வரை அவனுடையது என்னிடம். அழைப்பு தவறவில்லை. கனவும் தவறவில்லை!

இளையோரே! நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்கிறார்கள். எங்கே மிச்சப்படுத்துவீர்கள்? எந்தப் பெட்டியில் பூட்டுவீர்கள்? நேரம் ஒருவர் இன்னொருவருக்குத் தருவது! தந்தால்தான் உண்டு! கற்பனை கதவைத் தட்டும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டுமானால், வாசலில் உங்களுக்காக ஒருவர் நின்றாக வேண்டும்!

ஆகவே, பக்கத்து நாற்காலியில் இருப்பவரைத் திரும்பிப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். "நாளைக்கு ஒரு மணி நேரம் உன் போனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்க் கனவு காண்" என்று சொல்லுங்கள். நாளைக்கு அல்ல, இப்போதே சொல்லுங்கள்! அதோ, மூன்றாம் வரிசையில் தொடங்கிவிட்டார்கள். சத்தமாகவே பேசுங்கள், தலைவர் கோபிக்க மாட்டார்.

என் குரல் உங்கள் சலசலப்பில் மூழ்குகிறது. மூழ்கட்டும்! செவி கொடுத்த உங்களுக்கும், மேடை கொடுத்த சங்கத்துக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், நான் இறங்குகிறேன். வணக்கம்!