காலில் பட்டது குண்டல்ல

அறுபதுகளில், ரங்கூனை விட்டுக் கப்பலேற அனுமதி கேட்டு வரிசையில் நின்றோம். படிவத்தை மூன்று பிரதி நிரப்பி, மூன்றிலும் ஒரே பிழையைச் செய்ய வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. போரில் காயம்பட்டவர்கள் முன்னே வரலாம் என்று குமாஸ்தா அறிவித்தார். எனக்கு முன்னால் நின்றவர், தமக்கு முன்னால் கைத்தடியுடன் நின்ற கிழவரை உசுப்பினார்.

“போங்க அந்தோணியண்ணே! பட்டாளத்துல கால்ல குண்டு வாங்கினவரு, நீங்க போகாம யாரு போறது?”

“குண்டு இல்ல, கோ ராஜு,” என்றார் கிழவர், பர்மிய மரியாதையோடு. “பந்தாட்டத்துல ஒடிஞ்சது.”

“என்னண்ணே, கிண்டலா?”

“பட்டாளத்துல சேந்தும் சம்பளத்துக்குப் பந்தாடுற ஆசை விடல. பொய் சொல்லி லீவு வாங்கி, க்யிம்யிண்டைங் மைதானத்துல ஆடப் போனேன். கால் போச்சு. மறுநாளே பட்டாளம் சண்டைக்குக் கெளம்பிருச்சு. ஊரை விட்டுப் போறப்பவும் அந்தக் குண்டுப் பொய்யச் சொல்ல வாய் வரல.”

“எங்க வீட்டு விசேசத்துல மொத எலை உங்களுக்குத்தானே போடுவோம்!”

“தின்னேனே, வெக்கங்கெட்டு. என் எடத்துக்கு அனுப்புனது உங்க அண்ணனை. அதான் அவன் திரும்பல.”

வரிசை நகர்ந்தது. ராஜு கிழவரைத் தாண்டிப்போய் அவருக்கு முன்னால் நின்றுகொண்டார். கிழவர் ஒதுங்கி வழிவிட்டார். வரிசையில் முந்துகிறவர்களை நான் விட்டதேயில்லை. அன்று குனிந்து என் மூன்று பிரதிகளையும் சரிபார்த்தேன்.