பாதி வேகத்தில் நடக்காதவள்

உச்சிவெயில் நேரம். ஆள் அரவமே இல்லாத நெடுஞ்சாலை... ஏன், பேய் வர இருட்டுதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். அந்தப் போனையும் கவிழ்த்து வையுங்கள்.

என் சிநேகிதனின் அத்தை மகள் வீடியோ எடிட்டர். அவளுடைய தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மெல்லிய குரல். வீட்டில் அவன் பெயரே கீச்சான். சொந்தமாக ஒரு ராக் பேண்டு வைத்திருந்தான், அதில் அவன்தான் பாடகன். முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்கத்தான் அந்தச் சாலைக்குப் போனார்கள்.

அதில் ஒரு வித்தை உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். கீச்சான் அதற்கு ஈடுகொடுத்து வாயசைத்துக்கொண்டே கேமராவை நோக்கி நடப்பான். பிறகு படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் முடி, தூசி, நடை எல்லாம் மெதுவாகும். உதடு மட்டும் பாட்டோடு பொருந்தும்.

அக்கா குறைத்துப் பார்த்தாள். பொருந்தியது. ஆனால் சாலையின் கோடியில் ஒரு பெண். தம்பி தண்ணீருக்குள் நடப்பவன்போல் வர... அவள் மட்டும் நம்மைப் போலச் சாதாரணமாக நடந்து வந்தாள்.

"பின்னாடி யாருடா இது?"

"அங்க ஈ காக்கா இல்லையேக்கா. சரி, இருந்துட்டுப் போகட்டும். ரோடு வெறிச்சுனு இல்லாம நல்லாத்தான் இருக்கு."

அவளைப் படத்திலிருந்து அழிப்பது அக்காவுக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனாலும் விட்டுவிட்டாள். உதடு இம்மி பிசகக்கூடாது என்று மறுபடி மறுபடி ஓட்டினாள். உதட்டைப் பார்க்கும் எடிட்டருக்கு வேறெதுவும் கண்ணில் படாது. அறையில் வெயிலில் இளகிய தார் வாசனை... அதைக்கூடத் தெருவிலிருந்து வருகிறது என்றே நினைத்தாள்.

பாட்டு வெளியானது. மறுநாள் தம்பி பேசினான்.

"பிச்சிக்கிட்டுப் போகுதுக்கா. எல்லாரும் பாக்குறாங்க." கொஞ்சம் தயங்கினான். "ஆனா காலையிலேருந்து பிடரியில யாரோ மூச்சு விடுற மாதிரியே இருக்கு. சுடுதுக்கா."

அக்கா வீடியோவைத் திறந்தாள். அந்தப் பெண் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கை நீட்டினால் எட்டும் தூரம்.

யார் பார்த்தாலும், பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவள் நெருங்குகிறாள். அக்கா வீடியோவை உடனே நீக்கினாள். அதற்குள் ஊரே அதை எடுத்துப் பகிர்ந்திருந்தது. ஒவ்வொருவரிடமும் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கூத்தாடினாள். "விளம்பரத்துக்கு நல்ல டெக்னிக்" என்று சிரித்தார்கள். அவள் கெஞ்சியதாலேயே இன்னும் நிறையப் பேர் பார்த்தார்கள்.

தம்பி போனை எடுக்கவில்லை. அவன் அறைக்கு ஓடினாள். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது, உடைத்துத்தான் போனார்கள். உள்ளே ஆள் இல்லை... தார் வாசனை மட்டும்.

அந்த வீடியோவை எங்கிருந்தோ தேடித் திறந்தாள். கீச்சான் இப்போது கேமராவை நோக்கி வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணோடு கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அவனும் சாதாரணமாகத்தான் நடந்தான். பதறி இன்னொரு முறை ஓட்டினாள். இன்னும் தள்ளிப் போயிருந்தான்.

உடனே மூடிவிட்டாள். அதற்குப் பிறகு தம்பி முகத்தைப் பார்க்கத் தவித்தாலும் திறக்கவே இல்லை. அவள் ஒருத்தி மூடி என்ன செய்ய? அன்று மூடும்போது, வீடியோவுக்கு அடியில் யாரோ ஒரு பெண் எழுதியிருந்த கமெண்ட் கண்ணில் பட்டது.

"நிறுத்த மனசே வரல. திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருக்கேன்."