பொட்டு வெளிச்சம்

டவுன்லோடு செய்த படத்தைக் கேவலமாகப் பேசுகிற ஆள் இல்லை நான். வெளிச்சமான காட்சியில் அதுவும் கடையில் வாங்கும் டிஸ்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குட்டு வெளிப்படுவது இருட்டில். இரவு, ஏரி, மூடுபனி என்று ஒரு காட்சியைப் போட்டால் டிஸ்க்கில் கறுப்பு மெல்லக் கரையும். டவுன்லோடில் பட்டை பட்டையாக நிற்கும். அதனால் எங்களைப் போன்ற படப் பைத்தியங்கள் பார்க்கிற அறையில் பொட்டு வெளிச்சம்கூட இருக்க விடமாட்டோம். பெட்டிகளில் எரியும் சின்ன விளக்குகள் எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிடுவோம். இந்த சிபா ஊரில் எங்கள் டிஸ்க் ரசிகர் சங்கத்தார் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு சுருள் டேப் இருக்கும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது, ஐயா.

என் அறை சத்தம் புகாத அறை. கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. என் மனைவி ஃபுசாயே நுரையீரல் நோயில் படுத்த பிறகு அவள் கையருகே ஒரு பொத்தானும், என் திரைக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். சளி அடைத்தால் அமுக்குவாள். நான் ஓடிப்போய்க் குழாயால் உறிஞ்சி எடுப்பேன். தாமதித்தால் ஆபத்து என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த விளக்கை நானேதான் வாங்கிப் பொருத்தினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு மதியம் குராமோச்சி வந்தார். பழைய சகா, தன் டிஸ்க்குகளை எல்லாம் விற்றுத் தலைமுழுகியவர். உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"இன்னும் அந்தக் குப்பையத் தொடச்சி அடுக்கிக்கிட்டு இருக்கியா? ரெண்டும் ஒண்ணுதான்யா. நான் மாத்தி மாத்திப் போடறேன், எது டிஸ்க்குன்னு சொல்லு பாப்போம்."

"சொல்லிட்டா?"

"மண்டி போட்டுத் தரையில நெத்திய வைக்கிறேன். சொல்லலேன்னா சங்கத்துல உன் மானம் போச்சு."

முதல் தடவை தப்பாகச் சொன்னேன். அவர் சிரித்தார். சங்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு டிஸ்க்கின் அருமையைப் பாடம் எடுப்பவன் நான். எனக்கு முகம் தொங்கிவிட்டது. அப்போது பார்த்து விளக்கு எரிந்தது. எழுந்து போனேன்.

"ஒண்ணுமில்லீங்க, தலகாணி நழுவிடுச்சு. படம் பாக்கறதக் கெடுத்துட்டேனா?" என்றாள் ஃபுசாயே, மாஸ்க்குக்குள்ளிருந்து.

"அதெல்லாம் இல்ல, படுத்துக்க" என்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது. தலையணையைச் சரிசெய்து, பொத்தானை விடுவித்து விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

சிவப்பு வெளிச்சம் திரையில் அடித்ததால்தான் தப்பாகிவிட்டது என்று குராமோச்சியிடம் சொன்னேன். அது முதல் தவறுக்குப் பிறகு எரிந்த விளக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினேன்.

"அது உன் சம்சாரம் கூப்பிடற விளக்கு இல்ல?" என்று கேட்டார்.

"இப்பதான பாத்துட்டு வந்தேன். ஒரு காட்சிதான, போடுங்க."

ஏரிக் காட்சியைப் போட்டார். சரியாகச் சொன்னேன். மறுபடி போட்டார், மறுபடியும் சரி. வாக்குத் தவறாமல் கம்பளத்தில் நெற்றியை வைத்து எழுந்தார். ஆசை தீராமல் அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தோம். பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அவள் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. விரலை எடுத்துவிட்ட பிறகும் எனக்கு அது அங்கேயே தெரிகிறது. சாப்பிட உட்கார்ந்தால் தெரிகிறது. செய்தது நான்தான்.

குராமோச்சியை விட்டுவிடுங்கள். அவர் பிளேயர் பக்கம் குனிந்திருந்தார், ஒன்றும் பார்க்கவில்லை. அவள் அழைத்தது எனக்குத் தெரியவே தெரியாது என்று காலை விசாரணையில் உங்களிடம் சொன்னேன். டேப் இரண்டு துண்டாக இருந்ததை நீங்கள் ஏன் கேட்கவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒட்டியது மெல்லிசு. ஏரிக் காட்சி தொடங்கியதும் அதன் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. தலையணையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழுந்து போய் இன்னொரு துண்டை ஒட்டினேன்.

அதற்கப்புறம் கறுப்பு சரியாக வந்தது.